எனக்காகப் பேசியவன்

“நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்.”

ஆறாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடியும்வரை அவன் என்னிடம் அதிகமாகச் சொன்னது இதைத்தான். சொல்லும்போது இடது கையை என் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி என்னை ஓரடி பின்னால் தள்ளுவான். அந்தக் கை பட்டதும் எனக்கு நிம்மதியாகிவிடும். இனி நடப்பது அவன் பாடு, எதிரில் இருப்பவர் பாடு.

எனக்குத் திக்குவாய். இப்போதும் உண்டு, வயதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எழுதும்போது மட்டும் திக்காது. அதனால் இங்கே நான் சரளமாகப் பேசுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சந்தவாசலில் என் சித்தி வீடு இருந்தது. சந்தவாசல் என்று கண்டக்டரிடம் சொல்ல வராது. படவேடு என்றால் வரும். ஆகவே படவேட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வழியில் சந்தவாசலிலேயே இறங்கிவிடுவேன். “டேய் தம்பி, படவேடு இன்னும் வரலடா” என்று கண்டக்டர் கத்துவார். காது கேட்காதவன்போல நடந்துவிடுவேன். ஆரணியில் என்னைத் திக்குவாயன் என்று கூப்பிட்டவர்கள் பலர். சந்தவாசலில் நான் செவிடன்.

அவன் வீடு எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தது. அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பட்டு முதலாளிக்குக் கூலிக்கு நெய்தவர்கள். அவன் என் வகுப்புக்கு வந்து சேர்ந்த வாரமே ஒரு காரியம் செய்தான். வாத்தியார் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார். என் பெயர் வந்ததும் வழக்கம்போல வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. ‘உள்ளேன் ஐயா’வை நான் தொண்டையிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது அவன் எழுந்து நின்றான்.

“ஐயா, அவன் வந்துகிறான்யா. இனிமே அவன் பேருக்கும் நானே சொல்லிடறேன்யா. உங்களுக்கும் டைம் மிச்சம்.”

வாத்தியார் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவன் இரண்டு தரம் ‘உள்ளேன் ஐயா’ சொன்னான், என் பெயருக்குக் கொஞ்சம் கட்டைக் குரலில். அவனுக்குக் காய்ச்சல் வந்து படுத்துக்கொண்ட நாட்களில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஆப்சென்ட் விழுந்திருக்கிறது.

அடிதடிக்கு அவன் போகவே மாட்டான். என்னைப்போலத் திக்கிக் காட்டுகிற பையனின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போவான். ஏதோ பேசுவான். திரும்பி வரும்போது அந்தப் பையன் டவுசர் பாக்கெட்டிலிருந்து வேர்க்கடலையை அள்ளி என் கையில் வைப்பான். அப்படி என்னதான் சொல்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“பாவம்டா, அவங்க அம்மா இவனுக்குப் பேச்சு வரணும்னு கோயில் கோயிலா சுத்திகினு அழுவுறாங்கன்னு சொன்னேன்.”

என் அம்மா எந்தக் கோயிலையும் சுற்றவில்லை. அவளுக்குத் தறி வேலைக்கே பொழுது போதாது. கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வேர்க்கடலை நன்றாக வறுபட்டிருந்தது, நானும் தின்றுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஓட்டல். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் அங்கே போவோம். “ரெண்டு வெங்காய தோசை” என்று அவனே சொல்லிவிடுவான். எனக்குப் பிடித்தது பூரி. ஐந்து வருஷம் வெங்காய தோசை தின்றேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவனை ஒரு அதிகாரக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. அவனிடம் இன்னொன்று இருந்தது. என் வீட்டில், பள்ளியில், தெருவில், எல்லோரும் என் வார்த்தையைப் பாதியில் பிடுங்கி அவர்களே முடித்துவைப்பார்கள். அன்பாகத்தான் செய்வார்கள். அவன் மட்டும், நாங்கள் இரண்டு பேராக இருக்கும்போது, ஒருநாளும் முடித்துவைத்ததில்லை. முகத்தை அங்கே இங்கே திருப்பாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு இருப்பான். ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவசரப்பட மாட்டான். பதினாறு வயதுவரை எனக்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவன். அவனைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

நானும் அவனுக்கு வெறும் சுமையாக இருந்துவிடவில்லை. அவன் அப்பா கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறவர். ஒருநாள் தறியில் கிடக்கும் தார்க்குச்சி, ஒருநாள் சைக்கிள் செயின். அடி வாங்கிய நாட்களில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வான். நான் தேங்காய் எண்ணெய் தடவுவேன். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் அப்போது திறக்காது. அந்த முதுகை என்னைத் தவிர யாருக்கும் அவன் காட்டியதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தோம். எனக்கு நல்ல மார்க். வேலூரில் பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போட்டேன், இன்டர்வியூவுக்குக் கார்டு வந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கார்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “தறிக்குழி என்னோட போவட்டும்டா” என்றார். அம்மா வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தாள்.

சிக்கல் இன்டர்வியூதான். அங்கே வாயைத் திறக்க வேண்டும். “உள்ள வந்து நான் பேச முடியாது, நீதான் பேசணும். வா, பழக்கிக்கலாம்” என்றான் அவன். அவனுக்கு மார்க் குறைவு, எங்கும் விண்ணப்பம் போடவில்லை. இருந்தும் ஒரு மாதத்துக்கு மேல், தினம் சாயங்காலம் கமண்டல நாகநதி மணலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். மழை இல்லாத காலம், ஆறு வறண்டு கிடந்தது. அவன் அதிகாரிபோலச் சம்மணம் போட்டு உட்காருவான். நான் எதிரில் நிற்பேன்.

“பேரு இன்னா? உங்க அப்பா இன்னா பண்றாரு? ஏன் மெஷின் படிக்கணும்ன்ற?”

முக்கி நின்றால், “மூச்ச வுடு. மொதல்ல வுடு. அப்பறம் சொல்லு. வருது, வருது” என்பான். ஒரு சாயங்காலம் முழுசாக வந்தது. மூன்று கேள்விக்கும் மூன்று பதில், ஓரிடத்திலும் நிற்காமல். அவன் எழுந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான், இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணம் ஆனபோதுகூட இல்லை. இதை என் மனைவி படிக்காமல் இருக்க வேண்டும்.

புதன்கிழமை இன்டர்வியூ. அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில் வாடகை சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தான். “காலைலயும் ஒரு தபா சொல்லிப் பாத்துடலாம், ஏறு” என்றான். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன். 

ஆரணியில் நெசவாளர் தெருவில் காலையில் யாரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போக மாட்டார்கள். பாவு போட்டிருக்கும். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகளைக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். சின்னக் குழந்தைகூட அந்தப் பக்கம் ஓரமாகத்தான் நடக்கும். அவனுக்கும் தெரியும். ஆனால் அன்று அவன் குஷியில் இருந்தான். முனை திரும்பும்போது இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டு, “மெஷின் படிச்சவரே, எப்டிக்கிது நம்ம ஓட்டு?” என்று பின்னால் திரும்பி என்னைப் பார்த்தான்.

அடுத்த நொடி சைக்கிளோடு பாவுக்குள் விழுந்தோம். அரக்கு நிறப் பட்டு, முகூர்த்தப் புடவைக்கான பாவு. இழைகள் படபடவென்று அறுந்தன. பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் மறுமுனையில் குந்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுத் திரும்பியபோது இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். யார் ஓட்டினார்கள், யார் உட்கார்ந்து வந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

அது எங்கள் இரண்டு அப்பாக்களுக்கும் வேலை கொடுக்கிற முதலாளியின் பாவு. அவர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். அவன் எழுந்தான், மண்ணைத் தட்டினான், இடது கையை என் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினான்.

“நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்.”

முதலாளியோடு உள்ளே போனான். கால்மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்தான். “முடிஞ்சிச்சி. அடி கிடி ஒன்னும் இல்ல. பிணைச்சிக் குடுத்தா போதும்” என்றான். அவனை நான் கும்பிடாத குறை. பின்னாலேயே முதலாளி வந்து என் தலையில் கை வைத்தார்.

“ஓட்டத் தெரியலன்னா ஏண்டா ஹேண்டில புடிக்கிற? பொறத்தால உக்காந்து வந்த பாவத்துக்கு இந்தப் புள்ள எப்டி அழுவுது பாரு. இவன் கால்ல வுழுந்து கேட்டதால உன்ன வுடறேன். இப்டி ஒரு சிநேகிதன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்தேன். “நா... நா... நா...” அதற்குமேல் வரவில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் முதலாளியைப் பார்த்தான்.

“மன்னிச்சிக்கங்க மொதலாளின்றான்” என்றான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் பாவு அறுந்தால் அறுத்த கைதான் அதைப் பிணைக்க வேண்டும். வேறு கை பிணைத்தால் அந்தத் தோஷம் புடவையோடு போய்க் கட்டுகிற பெண்ணைப் பிடிக்கும் என்பார்கள். பிணைப்பது என்றால் முடிச்சுப் போடுவதில்லை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அறுந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து முறுக்க வேண்டும், ஒவ்வோர் இழையாக. நெசவாளர் வீட்டுப் பிள்ளை, எனக்குப் பத்து வயதிலேயே அந்த வேலை தெரியும். அறுந்திருந்த இழைகளுக்கு நாலு நாள் ஆகும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

“பு... புதன்” என்றேன் நைனாவிடம். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“தெரியும். இன்னா பண்றது? நீ அறுத்துட்ட. உன் கைதான் பிணைக்கணும். யாரோ பெத்த பொண்ணு கட்டிக்கப் போற பொடவடா. உன் படிப்புக்காவ அத்த கெடுக்க முடியுமா?”

அவர் சொன்னது நியாயம். ஓட்டியவன் நான் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால், அதே நியாயப்படி என்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பார். அம்மா அப்போது அக்காவின் பிரசவத்துக்குப் போளூர் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் என் கையாட்டத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டிருப்பாள்.

இரண்டு நாள் முதலாளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிணைத்தேன். இரண்டு நாளும் அவன் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டான். இழையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் தொடவில்லை. சாம்பல் கொண்டுவந்தான், டீ வாங்கிவந்தான், என்னைச் சிரிக்கவைக்க ஏதேதோ கதை சொன்னான். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. பயத்தில் வாய் தவறிவிட்டது, அவன் அப்பாவின் சைக்கிள் செயின் எனக்குத் தெரியாததா, எப்படியும் புதனுக்குள் சரிசெய்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு முறுக்கினேன். அவன் பேசினால் சரியாகாத காரியம் ஒன்றைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்வரை அவன் பேசவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். “நைனா, சைக்கிள் ஓட்டியது நான் இல்லை. நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஓட்டியது அவன். இதை யாரிடமாவது படித்துக் கேளுங்கள். நாளைக்கு நான் வேலூர் போக வேண்டும்” என்று எழுதி நைனாவின் கையில் கொடுத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருக்கோடியில் ஒரு வாத்தியார் குடியிருந்தார், அவரிடம்தான் போவார் என்று இருந்தேன்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“எழுதிக் குடுத்தியே, அது போதும்டா. இனிமே சைக்கிள் பக்கமே போவ மாட்டேன், என் மேல கோச்சிக்காத நைனான்னு எழுதிக்கிறியாமே. வழியிலயே உன் சிநேகிதன் எதுர்ல வந்தான். அவன்தான் படிச்சிக் காட்டுனான். படிக்கும்போதே அவனுக்கும் கொரலு அடைச்சிப் போச்சி.”

நான் தாளைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். “தெரியும், தெரியும்” என்று அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதே தாளைப் பிடுங்கிக்கொண்டு அந்த வாத்தியாரிடம் ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவி இருபது வருஷமாகக் கேட்கிறாள். ஓடியிருக்கலாம். ஆனால் அவன் அதைப் படித்துவிட்டு மாற்றிச் சொல்லியிருப்பான் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தெருவில் நாலு பேர் இருந்திருப்பார்கள், அதனால் அப்படி ஏதோ சமாளித்திருக்கிறான், காலையில் வந்து நைனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லப்போனால், அவன் வந்து எனக்காகப் பேசுவான் என்று காத்திருந்தேன். மடையன்.

புதன்கிழமை காலை நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வேலூர் பஸ் ஏழு மணிக்கு. ஏழடித்தது. ஏழரை ஆனது. அவன் வந்தான், கையில் சாம்பல் கிண்ணத்தோடு. என் சட்டையைப் பார்த்தான். “வா, ஜல்தி ஒக்காந்தா நாளைக்கு மத்தியானமே முடிச்சிடலாம்” என்றான்.

மீதி இழைகளை நான்தான் பிணைத்தேன். அவனோடு அன்றைக்கு நிறுத்திய பேச்சு. அவன் எத்தனையோ தரம் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டான், நான் போகவில்லை. “சீட்டு போன வருத்தம் பாவம், அவன் மனசுல ஒன்னும் இல்ல” என்று தெருவில் எல்லோரிடமும் எனக்காக அதையும் அவனே சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் விண்ணப்பம் போடும் வயதும் தைரியமும் இருந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. தறியில் உட்கார்ந்தேன். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்ட பெண் எந்த ஊரோ. பாவை அறுத்த கை அதைப் பிணைக்கவில்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்காது. நன்றாக இருக்கட்டும்.

நைனா எட்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அவர் டிரங்குப் பெட்டியில் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது. மகன் எழுதிய ஒரே கடிதம் என்று பத்திரப்படுத்தியிருக்கிறார். சீட்டுப் போனபிறகு அதைச் சொல்லி அவரை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை, அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலேயே போய்விட்டார். அன்றைக்கு நான் அழுதது அவர் போனதற்கு மட்டுமில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். பட்டுப் புடவை வாங்கி விற்கும் தரகு வேலையில் இருந்தான். அதற்கென்றே பிறந்த வாய். மனைவியைப் போளூர் பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு என்னை நோக்கி வந்தான்.

“இன்னும் கோவமாடா?”

பத்து வருஷமாக உள்ளே வைத்திருந்த வாக்கியம். “சை... சை... சைக்கிள் ஓ... ஓட்டுனது நீ.” அவன் பழைய மாதிரியே என் வாயைப் பார்த்துக்கொண்டு, முடிக்கும்வரை காத்திருந்தான்.

“ஆமாண்டா, நான்தான். எங்க நைனா கொன்னிருப்பாரு, உனக்குத் தெரியாததா? உன்ன யாரும் அடிக்க மாட்டாங்க. திக்குவாய்ப் புள்ளன்னா எல்லாருக்கும் மனசு எறங்கும்.”

“வே... வேலூர்?”

“அட, அத்த வுடுடா” என்று என் தோளில் கை வைத்தான். குரலில் அவ்வளவு பிரியம். “நான் இல்லாம அங்க போயி நீ வாயத் தொறந்திருப்பியா? எங்கிட்ட வரும். அவங்க எதுர்ல உனக்கு வராதுடா. மொதல் நாள்லருந்தே எனக்குத் தெரியும். போயி அசிங்கப்பட்டுகினு வர்றதுக்கு, போவாததே மேலுன்னுதான் நெனச்சேன்.”

அதுவரை அவன் என்னை மாட்டிவிட்டான் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன், அந்த முதுகைப் பார்த்தவன் நான். ஆனால் அத்தனை சாயங்காலமும் மணலில் உட்கார்ந்து ‘வருது, வருது’ என்று சொன்னவன், வரும் என்று ஒருநாளும் நம்பவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். “நா... நான்... பே...” என்று ஆரம்பித்தேன். பஸ் நகர்ந்தது. அவன் தலையை வெளியே நீட்டி, “சரிடா, சரிடா, புரியுது” என்று கையை ஆட்டினான்.

“...பேசியிருப்பேன்” என்று முடித்தபோது பஸ், ஸ்டாண்டைத் தாண்டிவிட்டிருந்தது. சோடாக் கடைக்காரர் மட்டும் என்ன வேண்டும் என்று கேட்டார்.